பெக்கோ ஓடத் தெரியும், வேலை இல்லை: இந்த நேரத்தில் வெளிநாடு போகலாமா?

2022.07.03 – மட்டக்களப்பு மண்டூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது

அண்ணன், எனக்கு 26 வயது. நாலு வருஷம் ஜேசிபி, பிறகு ஒரு வருஷம் 20 தொன் பெக்கோ (மண் தோண்டும் மெசின்) ஓடினேன். வயல் மட்டம் பண்ணுறது, வாய்க்கால் வெட்டுறது, கிராவல் ஏத்துறது எல்லாம் செய்திருக்கிறேன். மே மாதத்தோட மெசின் கொட்டிலுக்குள்ள நிக்குது. சம்பளம் தர வழியில்லை என்று முதலாளி சொல்லிட்டார். ஒருத்தர் 6 இலட்சம் கேட்கிறார். விசிட் விசாவில் துபாய் போய், அங்க நின்றபடி வேலை விசாவுக்கு மாறலாமாம். அம்மா காணி உறுதியை ஈடு வைக்கத் தயார். உலகம் முழுக்க வேலை குறையுது என்றும் கதைக்கிறாங்க. போகலாமா?

2022.07.04

போகலாம். ஆனால் இந்த வழியால் வேண்டாம். உறுதி அம்மாவின் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

உன்ட மெசின் ஏன் நிற்கிறது என்று கணக்குப் பார். 20 தொன் பெக்கோ மணித்தியாலத்துக்கு 13, 14 லீற்றர் குடிக்கும். எட்டு மணித்தியாலத்துக்கு 110 லீற்றர். இன்றைய விலை லீற்றர் 460 ரூபா. ஒரு நாள் டீசலுக்கே 50,000 ரூபாவுக்கு மேல், அதுவும் டீசல் கிடைத்தால். 10ஆம் திகதி வரைக்கும் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரல் 12 இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. அந்தக் கடன் காசில் ஓடிய றோட்டு வேலையும் பால வேலையும் அதோடு படுத்துவிட்டன. வீடு கட்டுகிறவனும் சீமெந்து விலையைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டான். உன் முதலாளி பொய் சொல்லவில்லை.

ஆனால் இது எங்கட நாட்டு நெருக்கடி. வளைகுடாவில் அப்படி இல்லை. உக்ரைன் சண்டைக்குப் பிறகு எண்ணெய் பீப்பாய் 100 டொலருக்கு மேல் விற்கிறது. எண்ணெய் விற்கிற நாட்டில் மண் வெட்டு நடக்கும். இன்னொன்று, சவூதி றியால் டொலரோடு கட்டப்பட்டது, 3.75 றியால் ஒரு டொலர். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, ஒரு றியால் 53 ரூபா. இப்போது டொலர் 360, றியால் 96. அதே 1,800 றியால் சம்பளம் அன்றைக்கு 95,000 ரூபா, இன்றைக்கு 1,72,000 ரூபா. அதனால்தான் எல்லாரும் ஓடுகிறார்கள். ஏமாற்றுகிறவனும் அந்தக் கூட்டத்துக்குள்ளேதான் நிற்கிறான்.

2022.07.04, இரவு

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பாய். என்ட கதையைச் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு, 2005 இல், கல்லடிப் பக்கம் இடிபாடு அள்ளிய மெசினில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். கிறீஸ் அடிக்கிறது, டீசல் ஊத்துறது. மதியம் ஒப்பரேற்றர் சாப்பிடப் போகும் அரை மணித்தியாலத்தில் களவாக ஓடிப் பழகினேன். 2007 இல் துபாய்க்குப் போனேன். "பெக்கோ ஒப்பரேற்றர் வேலை" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அங்கே போய்க் கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த விசாவை இன்னொருவரைக் கொண்டு வாசிப்பித்தபோது "தொழிலாளி" என்று இருந்தது. சோனாப்பூர் கேம்பில் ஓர் அறைக்குப் பத்துப் பேர். 14 மாதம் மண்வெட்டி பிடித்தேன். மறுகா ஓர் ஒப்பரேற்றர் லீவில் போக, என்னை மெசினில் ஏற்றினார்கள். அந்த நாட்டு லைசென்ஸ் என்னிடம் இல்லை. சம்பளமும் தொழிலாளிச் சம்பளம்தான்.

2008 கடைசியில் வேலை நிற்கத் தொடங்கியது. 2009 பெப்ரவரியில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். ஒப்பரேற்றர்களை மெசினோடு அபுதாபிக்கு அனுப்பினார்கள். தொழிலாளிகளை விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் மெசின் ஓடியவன் நான். கடதாசியில் தொழிலாளி. நல்ல காலத்தில் ஃபோர்மன் உன் கையைப் பார்ப்பான். கெட்ட காலத்தில் அலுவலகம் கடதாசியை மட்டும்தான் பார்க்கும்.

2022.07.10

கொழும்பில் நேற்றுச் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். பத்தரமுல்லைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போக இருந்தவர்கள் இரண்டு நாள் பொறுத்துப் போங்கள். அங்கே இரவிலேயே வரிசை நிற்கிறது. சாப்பாடும் தண்ணீரும் கொண்டு போங்கள்.

2022.07.12

தம்பி எழுதியிருக்கிறான், அவனுடைய மச்சான் ஒருவன் விசிட் விசாவில் போய் இப்போது நல்ல வேலையில் இருக்கிறானாம். ஓம், இருக்கலாம். நான் நடக்காது என்று எழுதவில்லை. அப்படிப் போய்ச் சரிவந்தவனைப் பற்றி ஊர் முழுக்கக் கதைக்கும். சரிவராதவன் திரும்பி வந்து வீட்டுக்கு வெளியே தலை காட்டமாட்டான். எங்கட ஒழுங்கையிலேயே ஒருவர் இருக்கிறார். மனைவியின் தாலிக்கொடி இன்னமும் வங்கியில்.

விசிட் விசாவில் போனால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த வேலைக்கான பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் காப்புறுதி இல்லை. சம்பளம் தராவிட்டால் எந்தக் கொம்பனி, எந்த ஒப்பந்தம் என்று காட்டவும் ஒன்றும் இல்லை. முகவருக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, இந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறாரா என்று 1989 க்கு அடித்துக் கேள். பிரதேச செயலகத்திலும் இதற்கென்று ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். உனக்குக் கிட்ட வெல்லாவெளி. சைக்கிளில் போகலாம்.

2022.07.16

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். பெயர்கள்.

நாங்கள் பெக்கோ என்று சொல்வதை வளைகுடாவில் போக்லேன் என்பார்கள். ஷவல் என்றால் எங்கட ஆட்கள் பெக்கோ என்று நினைத்துத் தலையாட்டிவிடுகிறார்கள். அது முன்வாளி உள்ள சில்லு லோடர். பாப்கட் என்றால் கட்டில் அளவுள்ள சின்ன மெசின். 2013 இல் கட்டாரில் என்னோடு வந்த அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர் "ஷவல் ஒப்பரேற்றர்" விசாவில் வந்துவிட்டு, லோடரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு வாரம் தவித்தார். நல்ல பெக்கோக்காரர் அவர். கையில் வாளி தாலாட்டும். லோடர் வேறு தொழில்.

முகவர் வேலையின் பெயரைச் சொன்னால் போதாது. மெசினின் படத்தைக் காட்டச் சொல். சில்லா, செயினா, எத்தனை தொன் என்று கேள்.

2022.07.24

கடதாசி வேலை. இப்போது மெசின் நிற்கிற நேரத்தில் செய்ய வேண்டியது இதுதான்.

உன் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜே வகுப்பு இருக்கிறதா? விசேட வாகனங்களுக்கு அதுதான். வயலுக்குள் ஓடுகிறவர்கள் பலர் டிராக்டருக்கான ஜி வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பொலிஸ் மறிக்காத வரைக்கும் குறை தெரியாது, நேர்முகத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது தொழில் தகைமைச் சான்றிதழ், என்விகியூ. படித்துத்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்து, அனுபவத்தை ஏற்றுச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. மெசினை முறையாகப் படிக்க வேண்டுமென்றால் அநுராதபுரத்துக் கல்குளமவில் கட்டுமான இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நான் அங்கே படிக்கவில்லை. அங்கே படித்த இரண்டு பேரோடு வேலை செய்திருக்கிறேன். அவர்கள் மெசினை நிறுத்தும் விதத்திலேயே தெரியும்.

மூன்றாவது, கொப்பி. 40 தாள் கொப்பி போதும். திகதி, மெசின் மொடல், காலையில் மீற்றர், மாலையில் மீற்றர், செய்த வேலை, இடம். முதலாளி கொடுக்கும் கடிதத்தில் "இவர் நல்ல பையன், ஐந்து வருடம் எம்மிடம் வேலை செய்தார்" என்று இருக்கும். அதை எல்லாரும் கொண்டு வருவார்கள். நான் கட்டாருக்குப் போனபோது நேர்முகம் எடுத்தவர் கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கொப்பியைப் புரட்டினார். மண்முனைப் பால வேலையில் கரைக்கு மண் போட்ட நாட்கள் அதில் இருந்தன. "வாவிச் சேற்றில் மெசின் புதையாமல் எப்படி நின்றாய்" என்று கேட்டார். தென்னங்குற்றி அடுக்கி அதன்மேல் நின்றதைச் சொன்னேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நீ பழைய நாட்களை இனி எழுத முடியாது. ஆனால் முதலாளியின் டீசல் புத்தகத்தில் திகதி இருக்கும். அதைப் பார்த்து உண்மையை மட்டும் எழுது.

2022.07.31

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும்போது வைக்கும் மெசின் சோதனை பற்றிக் கேட்டிருந்தாய். இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். எங்கட பிள்ளைகள் விழுவது இங்கேதான்.

சோதிக்கிறவர் முதலில் உன் கையைப் பார்ப்பதில்லை. வந்ததும் நேரே போய் ஏறுகிறாயா என்று பார்ப்பார். ஏறாதே. மெசினை ஒருதரம் சுற்றி வா. ஒயில் கோலை இழுத்துத் துடைத்துத் திரும்ப விட்டுப் பார். ரேடியேற்றர் தண்ணீர், ஹைட்ரோலிக் கண்ணாடியில் மட்டம், செயின் தொய்வு, பின்களில் கிறீஸ், அடியில் ஒழுக்கு, பின்னால் ஆள் நிற்கிறாரா. ஏறும்போது மெசினுக்கு முகம் காட்டி ஏறு. இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை, எப்போதும் மூன்று பிடி. பெல்ட்டைப் போட்டு, ஹோர்ன் அடித்து, பிறகு தடிகளைப் பூட்டி வைக்கும் லொக்கை விடு.

இனி ஜொயிஸ்டிக். பூம் என்பது மெசினோடு சேர்ந்த பெரிய கை, ஆர்ம் என்பது அதன் நுனியில் வாளியைப் பிடிக்கும் கை. இவற்றை அசைக்கும் இரண்டு தடிகளுக்கும் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்றில் இடது தடியைப் பின்னால் இழுத்தால் ஆர்ம் உள்ளே வரும், பூம் தூக்குவது வலது தடி. மற்றதில் இடது தடியை இழுத்தால் பூம் எழும்பும், ஆர்ம் வலது தடியில். உன் கை ஒன்றில் பழகியிருக்கும். மற்ற மெசினில் ஏறி, பூமைத் தூக்குகிறேன் என்று இடது தடியை இழுத்தால், வாளி உன் செயினுக்கு நேரே வரும். பயத்தில் இன்னும் இழுப்பாய். எனக்கு அது நடந்திருக்கிறது. வாளிப் பல் செயின் தகட்டில் அடித்த சத்தம் இன்றைக்கும் காதுக்குள் இருக்கிறது.

அதனால் லொக்கை விட்டதும் ஒவ்வொரு தடியையும் ஒரு விரல் அளவு அசைத்துப் பார். எந்தத் தடி எதை அசைக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகு வேலையைத் தொடங்கு. "இந்த மெசினின் பழக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாயால் கேட்டால் ஒருவரும் குறை நினைக்கமாட்டார். கேட்காமல் இடிப்பவனைத்தான் அனுப்பிவிடுவார்கள்.

கயிறு கட்டி நேராகக் கான் (வடிகால்) வெட்டச் சொல்வார்கள். அடி மட்டமாக இருக்க வேண்டும். ஆர்மை இழுக்க இழுக்கப் பூம் மெல்ல எழும்ப வேண்டும், வாளியும் கூடவே திரும்ப வேண்டும். மூன்று அசைவு ஒரே மூச்சில். வயல் மட்டம் பண்ணிய கைக்கு இது வரும். எங்கட பக்கத்துப் பெடியனுக்கு இதில் பயம் வேண்டாம். வரம்பு உடையாமல் வெட்டிப் பழகியவன் நீ.

டிப்பர் ஏற்றும்போது வாளியைச் சாரதி இருக்கும் கெபினுக்கு மேலால் கொண்டு போகாதே. பின்பக்கத்தால் மட்டும். ஊரில் அவசரத்துக்கு எல்லாரும் மேலால் கொண்டு போகிறோம். அந்தப் பழக்கத்தை இப்போதே விடு.

முடிந்ததும் வாளியை நிலத்தில் வை, இரண்டு மூன்று நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு டேர்போ ஆறியதும் நிறுத்து, லொக்கைப் போடு, திறப்பை எடு.

2022.08.02

திருக்கோவிலில் இருந்து ஒருவர் கேட்கிறார், கல்லில் வேலை செய்த பழக்கம் எங்களுக்கு இல்லையே என்று. சரியான கேள்வி. எங்கட மண் மணலும் களியும். அங்கே நாலு அடியில் பாறை. வாளிக்குப் பதில் கல் உடைக்கும் பிரேக்கர் பூட்டி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் அரை நிமிஷத்துக்கு மேல் அடிக்காதே, இடத்தை மாற்று. பிரேக்கரை நெம்புகோலாக்கிக் கல்லைப் புரட்டாதே. கம்பி முறியும், உன் பெயர் எழுதப்படும். கருங்கல் குவாரி ஒன்றில் இரண்டு மாதம் நின்றால் இதெல்லாம் கைக்கு வந்துவிடும்.

2022.08.07

இன்றைக்கு வேலை விஷயம் இல்லை. திருக்கோவில்காரர் கேட்டதும் அம்பாறைப் பக்கமும் அப்பப்பாவும் ஞாபகம் வந்தது. இங்கினியாகலையில் அணைக்கட்டு கட்டும்போது அவர் மாட்டுவண்டியோடு அந்தப் பக்கம் போய்வந்தவர். 1949 இல் தொடங்கி 1951 இல் முடித்தார்கள். அமெரிக்காவின் மொரிசன் நட்சன் கொம்பனி. செயின் மெசின் காட்டை விழுத்திக்கொண்டு வந்த சத்தத்தில் மாடு இரண்டும் நுகத்தைக் கழற்றிக்கொண்டு ஓடியதாம். மெசினுக்கு மேலே தொப்பியோடு இருந்த வெள்ளைக்காரன் அதை நிறுத்திவிட்டு இறங்கி வந்து மாட்டைப் பிடிக்க உதவினானாம். அப்பப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஆளுக்காகச் சந்தோஷப்படுவார். அவனும் தன்ட ஊரைவிட்டுக் கடல் தாண்டி மெசின் ஓட வந்தவன்தானே.

2022.08.21

முதல் நாள் எழுதியதை ஓர் இடத்தில் திருத்த வேண்டும். "எண்ணெய் விற்கிற நாட்டில் மண் வெட்டு நடக்கும்" என்று எழுதினேன். எல்லா நாட்டையும் ஒன்றாகப் போட்டது பிழை.

கட்டாரில் நவம்பர் 20 இல் உலகக் கிண்ணம் தொடங்குகிறது. 2013 இல் நான் போனபோது அங்கே பார்த்த திசையெல்லாம் குழி. அந்தக் குழிகள் எல்லாம் இப்போது மைதானமும் ரயில் பாதையும் ஆகிவிட்டன. இனி அங்கே தச்சனுக்கும் மின்காரனுக்கும் துப்புரவாளனுக்கும் வேலை இருக்கும். பெக்கோவுக்குக் குறைவு. சவூதியில் இப்போதுதான் நியோம் என்ற புது நகரத் திட்டத்துக்குப் பாலைவனத்தைக் கிளறத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஒரு கட்டடத்துக்கு முதலில் வருகிறவன் மண் வேலைக்காரன். முதலில் வெளியே போகிறவனும் அவன்தான். காசு இறுகினால் பாதி எழும்பிய கட்டடத்தை எப்படியாவது முடிப்பார்கள். இன்னும் தோண்டாத குழியைத் தோண்டமாட்டார்கள். 2009 இல் எங்களுக்கு நடந்தது அதுதான், அப்போது எனக்கு விளங்கவில்லை. ஆகவே கொம்பனியின் பெயரை மட்டும் கேட்காதே. அந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, மண் வேலை இன்னும் எத்தனை மாதம் என்று கேள். தெரியாது என்று சொன்னால் ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு எழுதியிருக்கிறதா, இடையில் நிறுத்தினால் ரிக்கெட் யார் போடுவது என்று பார்.

2022.08.22

றியால் கணக்கையும் திருத்துகிறேன். 1,72,000 ரூபா என்று எழுதினேன். வீட்டில் அரிசி, மா, மருந்து எல்லாம் ஏறிவிட்டன. மனைவி நேற்றுச் சந்தைக்குப் போய் வந்த கணக்கைப் பார்த்த பிறகு, அந்தக் காசு அன்றைய 95,000 ரூபாவைவிட அதிகம்தான், ஆனால் நான் எழுதியபடி இரட்டிப்புப் போல் இல்லை. வட்டிக்கு எடுத்துப் போனால் அந்த மிச்சமும் வட்டிக்குப் போகும்.

2022.09.18

ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் என்ற கோட்டைத் தனியாகப் பார். "எல்லாம் சேர்த்து 2,200" என்பார்கள். அடிப்படை 1,000, மிச்சம் மேலதிக நேரம். வேலை குறைந்தால் முதலில் போவது மேலதிக நேரம். கட்டாரில் 2021 மார்ச்சிலிருந்து அடிப்படை 1,000 றியாலுக்குக் குறையக் கூடாது. சாப்பாடும் இடமும் கொடுக்காவிட்டால் 300 உம் 500 உம் சேர்த்துத் தர வேண்டும். அங்கேயும் துபாயிலும் வேலை முடிந்து வரும்போது தரும் பணிக்கொடை அடிப்படையை வைத்துத்தான். 2009 இல் என் கையில் கிடைத்ததை எண்ணிப் பார்த்துவிட்டு விமானத்தில் அழுதேன்.

கோடையில் மதிய வெயில் நேரம் வெளிவேலை தடை. சவூதியில் ஜூன் 15 இலிருந்து செப்டெம்பர் 15 வரை, 12 மணியிலிருந்து 3 மணி. கெபினில் ஏசி இருக்கிறது, நீ ஓடு என்று சொல்வார்கள். ஏசி பழுதான மெசினில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது எப்படி என்று இருந்து பார்த்தவன் நான். எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கு.

2022.10.23

தம்பி கொழும்பில் முதல் சோதனைக்குப் போனான். தவறிவிட்டது. கான் நேராக வந்ததாம், மெசின் சுற்றியும் பார்த்தானாம். டிப்பர் ஏற்றும்போது நாலாவது வாளியை கெபினுக்கு மேலால் கொண்டு போயிருக்கிறான். ஐந்து வருஷப் பழக்கம். என்னிடம் சொல்லும்போது குரல் உடைந்தது.

மனே, நான் உன் முகத்தைப் பார்த்ததில்லை. இருந்தாலும் சொல்கிறேன், இதற்காக அந்த 6 இலட்சக்காரனிடம் திரும்பிப் போகாதே. டீசல் இப்போது கியூஆர் பங்கீட்டு முறையில் கிடைக்கிறது. பெரும்போகத்துக்கு வாய்க்கால் துப்புரவு தொடங்கிவிட்டது. ஒரு மாதம் வேலை செய். ஒவ்வொரு வாளியையும் டிப்பரின் பின்பக்கத்தால் மட்டும் கொண்டு போ, சாரதி கத்தினாலும்.

2022.12.04

இரண்டாவது சோதனை சரி. வேறு முகவர், பணியக அனுமதி உள்ளவர். காணி உறுதி இன்னும் பெட்டிக்குள்ளே. மருத்துவச் சோதனையும் சரி. இனி விசா.

2023.01.29

விசா வந்திருக்கிறது, சவூதி. படம் அனுப்பினான். அரபியில் இருந்த தொழில் பெயரைக் காத்தான்குடியில் அரபி படித்த ஒரு மௌலவியிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இரண்டு தரம் வாசித்தார். "தோண்டும் இயந்திரம் ஓட்டுபவர்." நான் கடையில் இரண்டு பிளேன்டீ சொன்னேன்.

போனதும் இகாமா என்ற வதிவிட அனுமதி அட்டையிலும் அதே தொழில் இருக்கிறதா என்று பார். அந்த நாட்டு மெசின் லைசென்ஸ் எடுக்கும் வரைக்கும் றோட்டில் ஏறாதே, யார் சொன்னாலும்.

2023.03.19

போன வருஷம் இலங்கையிலிருந்து வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கு மேல். மண்டூர்த் தம்பி இந்த வருஷக் கணக்கில் ஒருவன்.

வெள்ளிக்கிழமை அழைத்தான். 30 தொன் மெசின் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் தடிகளை அசைத்துப் பார்த்தபோது பழக்கம் மாறியிருந்ததாம். பாகிஸ்தான்காரர் ஒருவர் இருக்கைக்குப் பின்னால் உள்ள வால்வைத் திருப்பி இவனுடைய கைக்கு மாற்றிக் கொடுத்தாராம். மெசினில் அப்படி ஒரு வால்வு இருப்பது எனக்கு இத்தனை வருஷமும் தெரியாது. ஜூலை 31 இல் நான் எழுதிய குறிப்போடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா மெசினிலும் இராது, கேட்டுப் பாருங்கள்.

வெல்லாவெளித் தம்பி, நீ நேற்றுக் கேட்டதைப் பார்த்தேன். லோடரா பெக்கோவா, எந்த வகுப்பு லைசென்ஸ், கொப்பி எழுதுகிறாயா? அந்த மூன்றையும் முதலில் சொல்லு.